கனவினுள் ஒரு விழிப்பு



உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்தோர் இங்குப் பலர் உளர். தீர்த்தங்கரரின் வருகையை அவர்தம் அன்னையர் கண்ட பதினாறு கனவுகள் முன்னறிவித்தன என்பது நம் மரபு. சீவக சிந்தாமணியில் விசயை கண்ட கனவும் வருவதை உணர்த்திற்று. கனவின் பொருள் யாது என நம் முன்னோர் வினவினர். காண்பது கனவு என்பதைக் கனவிலேயே உணர இயலுமா என்பது இன்றைய அறிவியல் எழுப்பும் வினா.

இயலும். அவ்வாறு உணர்ந்து காண்பதைத் தெளிகனவு என்போம். கனவு மிகும் உறக்கத்தில் உடற்றசைகள் தளர்ந்து கிடப்பினும் விழிகள் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதனையே சான்றாக்கினார். உறங்கியவர், முன்னரே பேசிக்கொண்டபடி, கனவினுள்ளிருந்து விழிகளை இடமும் வலமும் அசைத்துக் குறிகாட்டினார். கருவி அதனைப் பதிந்தது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், உறங்குவோரிடம் எளிய கணக்குகளைக் கேட்டு, சில வேளைகளில் சரியான விடையும் பெற்றனர்.

இதனால் பயன் என்ன? தீக்கனவால் வருந்துவோர்க்கு இது உதவக்கூடும் எனச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. துரத்துவது கனவே என உணர்ந்தவர் ஓடவேண்டுவதில்லை. அதனைத் தாக்காது, எதிர்நின்று, "நீ யார்?" என வினவுமாறு ஆய்வாளர் சிலர் அறிவுறுத்துவர். அகிம்சை பயின்ற நமக்கு இது புதிதன்று.

விழித்ததும் கனவை எழுதிவைத்தலும், "இன்று கனவைக் கனவென அறிவேன்" என உறுதிகொண்டு உறங்குதலும் இதற்கான பயிற்சிகள். மெய்யும் மயக்கமும் பிரித்தறிய இயலாத மனநோய் உடையோர் மருத்துவரைக் கேளாது இதில் இறங்கலாகாது.

இன்னொன்றும் கூறவேண்டும். கனவு மிகுந்த உறக்கம் இரவின் பிற்பகுதிக்கு உரியது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் சகோதரியர் இழப்பது அவ்வுறக்கத்தையே. திரும்பிய பின்னும் அடுப்படியில் நிற்கும் அவர்களுக்குத் தேவை பயிற்சியன்று. முன்னிரவிலேயே படுக்கும் வாய்ப்பு. வீட்டார் வேலையைப் பகிர்ந்தால் அது கிட்டும். ஞாயிறு மறையுமுன் உண்டு முடிக்கும் நம் ஒழுக்கமும் விரைந்து உறங்க இடந்தருவதே. அதன் நன்மையை அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போம்.

முதலில் நல்லுறக்கம், தெளிகனவு அதன்பின்.