நடுக்குவாதமும் நள்ளிரவும்

(வேலூர் லாங் பஜாரில் நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கைந்நடுக்கம், உடல் விறைப்பு, நடைத்தளர்ச்சி என்னும் இவை கூடிய நோயை நம் வைத்தியர் கம்பவாதம் என்பர். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விரித்தெழுதினமையின் அவர் பெயரே நோய்க்கும் வழங்கலாயிற்று. உறக்கம் மிகவுங் கெடும் என்பதையும் அவர் அந்நூலிலேயே குறித்துள்ளார். நடுமூளையில் டோபமீன் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் நாளடைவில் மாய்தலால் இந்நோய் முற்றுகின்றது.

பகலில் நடுங்குங் கையை யாவருங் காண்பர்; இரவில் அவர் படும் பாட்டை உடனுறைவாரன்றி அறிவார் யார்? விறைப்பால் புரண்டு படுத்தல் அரிதாகும். சிறுநீர் கழித்தற்குப் பலகால் எழ நேரும். மாலையில் உண்ட மருந்தின் வன்மை விடியுமுன் குன்றும். இங்ஙனம் இரவிழந்தவர் மறுநாட் பகலில் கல்லாப்பெட்டியின் முன் உறங்கி விழுந்தால், அதனைச் சோம்பலென்று பழித்தல் தகுமா? நோயும் மருந்துமே பகலுறக்கத்தை விளைத்தலும் உண்டு.

இனி, குடும்பங்களைக் கலக்குவது மற்றொன்று. கனவு காணுங்கால் கைகால்கள் அசையாதபடி மூளைத்தண்டு அவற்றைத் தளர்த்தி வைத்தல் இயற்கை. அக்கட்டு நெகிழ்ந்தவர் கனவிற் கண்ட கள்வனைக் கருதிப் பக்கத்திற் படுத்தவரை அடிப்பர், கூவுவர், கட்டிலினின்று வீழ்வர். 1986-இல் அமெரிக்க அறிஞர் ஷெங்க், மஹோவால்ட் முதலியோர் இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தனர். நடுக்கம் தோன்றுதற்குப் பல்லாண்டு முன்னரே இது தோன்றுதலும் உண்டு. இதனை அறியாது பேய்க்கோளென்று மந்திரிப்பாரைத் தேடுதலும், அடியுண்ட மனைவி நாணத்தால் வாய்மூடியிருத்தலும் நன்றல்ல. அவ்வடி அவர் மனமறிந்து அடித்ததன்று.

செய்யத்தக்கன யாவை? படுக்கை தாழ்வாக இருக்க. அருகிலுள்ள கண்ணாடி, இரும்புப் பொருள்களை அகற்றுக. சிறு விளக்கொன்று எரிக. தூக்க மருந்தை நீவிரே வாங்கிக் கொடாதீர்; உண்டுவரும் மருந்தை நீவிரே நிறுத்தாதீர். பூனைக்காலி விதையினின்று லெவோடோபாவை 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். பின்னாளில் அதுவே இந்நோய்க்குத் தலையாய மருந்தாயிற்று. அதுபற்றி அவ்விதையை அளவறியாது பொடித்துண்டல் தீங்காம்.

நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இலேயே டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார். மருத்துவம் அருகிலிருந்தும், இரவில் நிகழ்வதை எடுத்துரைப்பார் இல்லையேல் மருத்துவர் அறிதல் எங்ஙனம்? ஆதலின், உடனுறங்கும் மனைவியோ மகனோ நோயாளியுடன் சென்று உள்ளதை உள்ளவாறே கூறுக. காப்பவர்க்கும் உறக்கம் வேண்டுமாதலின் வீட்டார் முறைவைத்துக் காக்க. இதுவே யாம் வேண்டுவது.