முறிந்த எலும்பு கூடும் விதம்



கட்டட வேலையிலும் மரம் ஏறுவதிலும் கைகால் முறிவது நம்மவர் வாழ்வில் புதிதன்று. வலி தணிந்ததென்று மூன்றாம் வாரமே கட்டைப் பிரித்தெறிந்து கூலிக்குச் செல்வோரும் உளர். உள்ளே நடப்பதை அறிந்தால் அதற்குத் துணியோம்.

எலும்பு வெறும் சுண்ணாம்பன்று. கொலாஜன் என்னும் புரத நார்களின்மீது கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்ததே எலும்பு. தோல் பதனிடும் தொட்டியில் உறுதிப்படுவதும் இதே கொலாஜன்தான். அதன் மூவிழை அமைப்பை 1954இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் நாட்டுச் செய்தியாதலால் இதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும். பின்னர் நாரும் குருத்தெலும்புமாக மென்மையான இணைப்பு தோன்றும். மூன்றாம் வாரத்தில் பெரும்பாலும் இருப்பது இதுவே. வலி குறையும், வலிமை இராது. அதன்பின் கொலாஜனேஸ் போன்ற நொதிகள் குருத்தெலும்பைக் கரைத்து வழிவிடுகின்றன. சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி சிதைக்கிறது. எலும்பில் இந்நொதியின் பங்கை 1923இல் இலண்டனில் இராபிசன் எடுத்துக்காட்டினார். 1965இல் அமெரிக்கரான மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் பதித்தார். அங்கே புதிய எலும்பு முளைத்தது! எஞ்சிய புரதத்தினுள் இருந்த தூண்டுபொருளே காரணம்.

முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு கூட மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கொலாஜன் உறுதிபெற வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் போதும், விலையுயர்ந்த டானிக் வேண்டா. பீடி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டின் கீழே விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் காலையே இழக்க நேரும்.