எழும்பூரில் பூத்த கல்தாமரை

தாமரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சேற்றிலிருந்துதான் தொடங்குவார்கள். சேற்றில் பிறந்தும் அழுக்கு ஒட்டாத பூ, அதனால் தூய்மையின் சின்னம் என்பார்கள். தவறில்லை. நீர் ஒட்டாத தாமரையின் உவமை பகவத் கீதையிலும் இருக்கிறது, பௌத்தர்களின் அங்குத்தர நிகாயத்திலும் இருக்கிறது. ஆனால் நம் சிற்பிகளின் உளி சேற்றைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் நின்ற பெரிய பௌத்தத் தூபியின் துண்டுகள் அவை. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவற்றில் ஒரு பகுதி கப்பலேறி இன்று லண்டனில் இருக்கிறது. தூபியைச் சுற்றி நின்ற கல்வேலியின் தூண் ஒவ்வொன்றிலும் நடுவே முழுத் தாமரை, மேலும் கீழும் பாதித் தாமரை. அடுக்கடுக்காக விரியும் இதழ்களில் சுண்ணாம்புக்கல் என்ற நினைப்பே நமக்கு மறந்துவிடும். புத்தரின் கதைகள் பெரும்பாலும் வேலியின் உட்புறத்தில். வெளியிலிருந்து வருகிறவரை முதலில் எதிர்கொண்டவை இந்தப் பூக்களே. கூடவே, தாமரைகள் பொங்கி வழியும் பூரண கும்பங்கள். துறவைப் போற்றிய சமயத்தின் வாசலில் இத்தனை செழிப்பு! நீர், பிறப்பு, வளம்: தாமரைக்குச் சிற்பிகள் தந்த பொருள் இதுவென்றே நான் கருதுகிறேன். திருமாலின் உந்தித் தாமரையில் பிரமன் தோன்றுவதும் அந்தப் பொருளில்தானே?

சாஞ்சியின் பௌத்தத் தூபித் தோரணங்களில் ஒரு பெண் தாமரைமேல் வீற்றிருக்க, இருபுறமும் யானைகள் நீராட்டுகின்றன. புத்தரைப் பெற்ற மாயாதேவி என்றார் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் பூஷே. திருமகள் என்கிறார்கள் வேறு சிலர். கிட்டத்தட்ட இதே காட்சி மாமல்லபுரம் வராக மண்டபத்தில் கஜலட்சுமியாக வரும்போது யாருக்கும் ஐயமில்லை. சாஞ்சியில் எழும் அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வழிபட வந்தவர்களுக்கு இரண்டும் ஒருசேரத் தோன்றியிருக்கலாம்.

எழும்பூரிலேயே செப்புத் திருமேனிகளின் கூடத்துக்கும் போய் வாருங்கள். சோழர் காலத்துச் சிவனும் திருமாலும் அங்கே இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகளும் அதே அருங்காட்சியகத்தில்தான். உருவங்களை விட்டுவிட்டுப் பத்ம பீடங்களை மட்டும் பாருங்கள். எந்தப் பீடம் எந்தச் சமயத்துக்குரியது என்று இதழ்களை மட்டும் வைத்துச் சொல்வது எளிதல்ல.