தொகுதிக்கு அப்பால் ஓர் அங்கத்தினர்



பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், கேரள எல்லையைக் கடந்ததும் நம்மை வரவேற்கும் ஊர்களில் ஒன்று கொழிஞ்சாம்பாறை. அதன் கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். மாநிலம் கேரளம், ஆயினும் அங்கே பலரது தாய்மொழி தமிழே. எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கும், பிழைப்பை நாடி வெளி மாநிலம் சென்றோர்க்கும் பொதுவானதோர் ஐயம் உண்டு: நம் மொழி பேசாத ஓர் அங்கத்தினர் நமது குறையைத் தம் குறையாகக் கொள்வாரா? 1971-ஆம் ஆண்டில் பாலக்காடு தொகுதியிலிருந்து லோக் சபைக்குச் சென்ற ஏ. கே. கோபாலனின் வாழ்க்கை இவ்வையத்திற்கு விடை தருகிறது.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் கண்ணூர்ப் பகுதியில் பிறந்த அவர், முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1931-ல் குருவாயூர் ஆலயப் பிரவேச சத்தியாக்கிரகம் தொடங்கியபோது தொண்டர் படைக்குத் தலைமை தாங்கி அடியுண்டார். 1936-ல் பசியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அரசுக்கு உணர்த்தும் பொருட்டு, 32 பேர் கொண்ட பட்டினி ஜாதாவைக் கண்ணூரிலிருந்து சென்னைக்கு நடத்திச் சென்றார். அது சுமார் 750 மைல் நடைப்பயணம்.

நாடு விடுதலையுற்ற பின்னரும் அவர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார். தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1950-ல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவை மட்டும் செல்லாதெனக் கூறி, அவரது மனுவைத் தள்ளுபடி செய்தனர். நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்ட தீர்ப்பளித்தார்.

1952-ல் அமைந்த முதல் லோக் சபையில் கம்யூனிஸ்டுக் குழுவின் தலைவராக வீற்றிருந்தவர், சிறையில் மனு எழுதிய அதே கோபாலனே. அதுமுதல் ஐந்து பொதுத்தேர்தல்களிலும் அவர் வெற்றி பெற்றார்.

1961-ல் நிகழ்ந்த ஒன்றை நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். இடுக்கி அணைத் திட்டத்தை முன்னிட்டு அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியானவர்கள், குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டனர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறுவோர் அறிந்த இடமே அது. கோபாலன் அங்கே சென்று உண்ணாவிரதம் இருந்தார். அப்பொழுது அவர் வட கோடியிலுள்ள காசர்கோட்டின் அங்கத்தினர். அமராவதி மக்கள் அவருக்கு ஒரு வாக்கும் அளிக்க இயலாதவர்கள்! 1959-ல் கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வடக்கன் பாதிரியாரும் அங்கே அவருடன் தோள்கொடுத்து நின்றார்.

அவரது கட்சிக் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் நம்மிடையே இருப்பர். ஆனால் அல்லற்படுவோர் எவராயினும் அவரிடத்தே செல்லுவதே அங்கத்தினரின் கடமை என்பதை மறுப்பார் இலர்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் கோபாலன் காலமானார். மறு ஆண்டிலே மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் முறை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்து, 1950-ன் குறுகிய விளக்கத்தைக் கைவிட்டது. தோற்ற மனுதாரர் அதைக் காண உயிரோடு இல்லை. அதன் பயனோ எம்மொழி பேசுவோராயினும், எம்மாநிலத்தில் வாழ்வோராயினும் நம் அனைவருக்கும் உரியது.