தாயின் கல்வியும் குழந்தையின் உயிரும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கல்வியைப் பற்றி ஓர் அரங்கிலும், மக்கள் நலவாழ்வைப் பற்றி வேறோர் அரங்கிலும் பேசுவது நமது வழக்கமாகிவிட்டது. மாணவர் அமைப்பு பள்ளிக்கூடத்திற்காகப் போராடுகிறது. மாதர் அமைப்பு மகப்பேறு மருத்துவமனைக்காகப் போராடுகிறது. ஆனால் ஓர் உழைப்பாளியின் வீட்டில் இவ்விரண்டும் தனித்தனியாக இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட சிறுமிதான் பதினெட்டு வயதுக்குள் தாயாகிறாள். அவளுடைய குழந்தைதான் எடை குறைந்து பிறக்கிறது.

நமது முன்னோடிகள் இதை அறிந்திருந்தார்கள். 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் புலே, பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோயினாலேயே 1897 மார்ச் 10 அன்று உயிர் துறந்தார். பள்ளியும் மருத்துவமும் அவருக்கு ஒரே பணியின் இரு பக்கங்கள்.

எண்கள் கூறுவது என்ன?

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பள்ளிக்கே செல்லாத தாய்மார்களின் குழந்தைகளில் 46 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த தாய்மார்களின் குழந்தைகளில் இது 26 சதவீதம்.

நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிட்டாலும் இதே சித்திரம்தான். பத்தாண்டுகளாவது பள்ளியில் பயின்ற பெண்கள் நகரங்களில் 56 சதவீதம். கிராமங்களில் 34 சதவீதம். பதினெட்டு வயதுக்கு முன் திருமணமானவர்கள் நகரங்களில் 15 சதவீதம். கிராமங்களில் 27 சதவீதம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை நகரங்களில் 27, கிராமங்களில் 38. படிப்பு, திருமண வயது, குழந்தையின் உயிர் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். படித்த பெண் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பெண்தானே, குழந்தையைக் காப்பாற்றுவது படிப்பா, பணமா? ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்லர்) இக்கேள்வியை நைஜீரியாவில் ஆராய்ந்தார். தந்தையின் தொழில் போன்ற பிற காரணிகளைக் கணக்கில் கொண்ட பிறகும் தாயின் கல்விக்குத் தனித்த பங்கு இருப்பதை 1979இல் வெளியான ஆய்வில் நிறுவினார்.

அவர் கூறிய காரணம் நமக்கு முக்கியமானது. படித்த தாய்க்கு நோய்க்கிருமியைப் பற்றி அதிகம் தெரியும் என்பது காரணத்தின் ஒரு பகுதியே. பள்ளிக்குச் சென்ற பெண்ணின் இடம் வீட்டுக்குள் மாறுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கணவன் வரும்வரை, மாமியார் சம்மதிக்கும்வரை அவள் காத்திருப்பதில்லை. தானே தூக்கிக்கொண்டு செல்கிறாள். மருத்துவர் முன் கூனிக் குறுகி நிற்காமல் கேள்வி கேட்கிறாள். கல்வி அவளுக்குத் தருவது தகவலை மட்டுமல்ல, அதிகாரத்தையும்தான்.

கேரளத்தின் பாடம்

இதே கால்டுவெல் 1986இல், வருமானம் குறைவாக இருந்தும் இறப்பு விகிதத்தைக் குறைத்த மூன்று சமூகங்களை ஆராய்ந்தார். அவை கேரளம், இலங்கை, கோஸ்டா ரிக்கா. கேரளத்தில் சமூக சீர்திருத்த இயக்கங்கள் இட்ட அடித்தளத்தின் மீது, 1957இல் பதவியேற்ற இ.எம்.எஸ். அரசு நிலச் சீர்திருத்தத்தையும் கல்விச் சட்டத்தையும் ஒருசேரக் கையில் எடுத்தது. 1990இல் எர்ணாகுளம் மாவட்டமும், 1991 ஏப்ரலில் கேரளம் முழுவதும் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டன.

மானிடவியலாளர் ஜோன் மென்சர் 1980களின் தொடக்கத்தில் கேரளத்தைப் பற்றி ஒன்றைப் பதிவு செய்தார். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாட்கள் மருத்துவர் இல்லையென்றால், மக்கள் இடதுசாரிகளின் தலைமையில் திரண்டு ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிட்டு விடுவார்கள் என்பதே அது. கல்வி நலவாழ்வாக மாறும் வழி இதுதான். மருத்துவமனைச் சுவரில் எழுதியுள்ளதைப் படிக்கத் தெரிந்தவர், எழுதியபடி நடக்கவில்லை என்று கேட்கத் துணிகிறார். ஒருவர் கேட்பது கோரிக்கை. ஊர் கூடிக் கேட்பது உரிமை.

2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு நான்கு அல்லது ஐந்து இறப்புகள், பீகாரில் 47, உத்தரப் பிரதேசத்தில் 50 பதிவாகியிருந்தன. ஆயினும் நாம் மெத்தனம் கொள்ளக் கூடாது. அதே கேரளத்தில் 36 சதவீதப் பெண்களுக்கு இரத்தசோகை உள்ளது. உணவும் கூலியும் சரியாகக் கிடைக்காத இடத்தில் கல்வி மட்டுமே உடலில் இரத்தத்தை ஊற வைக்காது.

பங்காவ் முகாமில் நடந்தது

கல்வி என்றால் சான்றிதழ் என்று மட்டும் பொருள் கொண்டுவிடக் கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைத் தயாரித்து, அதைப் புகட்டும் பொறுப்பை நோயாளிகளின் உறவினர்களிடமே ஒப்படைத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எழுத்தறியாத அகதித் தாய்மார்களும் அந்த அறிவைப் பெற்றதும் உயிர்காக்கும் பணியாளர்களானார்கள். மக்களுக்குக் கற்கும் திறன் இல்லாமல் போவதில்லை. கற்பிக்க ஆளில்லாமல்தான் போகிறது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பத்தில் நால்வருக்கு இந்த எளிய கரைசல் கிடைக்கவில்லை என்பதை அதே குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது.

யார் குற்றவாளி?

ஆளும் வர்க்கம் இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துவதையும் பார்க்க வேண்டும். தாய் படிக்காததால் குழந்தை இறந்தது என்று சொல்லி, அரசு தன் கையைக் கழுவிக் கொள்கிறது. 2015இல் ஹரியானா அரசு, பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் வீட்டில் கழிப்பறையும் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கு எட்டாம் வகுப்பு. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதைச் செல்லும் என்றது. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ இத்தகைய தகுதி கிடையாது. பள்ளியைத் தராத அரசு, பள்ளிக்குச் செல்லாததற்காக தலித் பெண்ணைத் தண்டித்தது. எந்தப் பெண் தன் கிராமத்துக்குக் குடிநீரும் மருந்தகமும் கேட்டு வாதாடியிருப்பாளோ, அவளே வாசலில் நிறுத்தப்பட்டாள்.

நகரத்தின் சராசரிக்குள் மறைந்திருப்பவர்கள்

நகரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறரைக் கோடிப் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்கிறார்கள். பெரிய மருத்துவமனை கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கும். ஒரு நாள் கூலியை இழக்காமல் அங்கே வரிசையில் நிற்க முடியாது. செங்கல் சூளைக்கும் கட்டுமானத்துக்கும் புலம்பெயர்ந்து வரும் குடும்பத்தின் பெயர் சொந்த ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும். குழந்தை இங்கே மணற்குவியலில் கிடக்கும். தம்பியைப் பார்த்துக் கொள்வதற்காக மூத்த மகள் பள்ளியை விடுகிறாள். குழந்தைகள் காப்பகம் இல்லாத வேலைத்தளம் ஒரே நேரத்தில் ஒரு குழந்தையின் உடல்நலத்தையும் இன்னொரு குழந்தையின் கல்வியையும் பறிக்கிறது.

சட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே பொருந்தும். ஊட்டச்சத்து மிகத் தேவைப்படும் முதல் ஆறு ஆண்டுகளும், இளவயதுத் திருமணம் காத்திருக்கும் 14 முதல் 18 வரையிலான ஆண்டுகளும் அதற்கு வெளியே நிற்கின்றன. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் கூறியது. பொதுச் சுகாதாரத்துக்கு 2.5 சதவீதம் என்று 2017ஆம் ஆண்டின் சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. இரண்டும் ஏட்டில்தான் உள்ளன. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று கூறி, பல மாநிலங்களில் கிராமப் பள்ளிகள் இணைக்கப்படுகின்றன. பள்ளி தொலைவுக்குப் போனால் முதலில் நிற்பது சிறுமியின் படிப்பு.

நம் முன் உள்ள கடமை

தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் மூன்று விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின் பள்ளியை விட்ட சிறுமிகள் எத்தனை பேர், எந்த வீடுகளில்? அங்கன்வாடியில் பெயர் இல்லாத குழந்தைகள் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தெந்த நாட்களில் மருத்துவர் இல்லை? இவை இருந்தால்தான் மனு எழுதலாம்; மக்களைத் திரட்டலாம்.

இப்பணியைத் தினமும் செய்து வருகிற அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசு இன்றுவரை அவர்களைத் தொண்டர்கள் என்றே அழைக்கிறது. அவர்களின் போராட்டம் நமது குழந்தைகளின் உயிருக்கான போராட்டம்.

இறுதியாக ஒன்று. தாயின் கல்வி என்று பேசும்போது தந்தையின் பொறுப்பு மறைந்துவிடக் கூடாது. தடுப்பூசி அட்டையை நம்மில் எத்தனை ஆண் தோழர்கள் ஒருமுறையேனும் எடுத்துப் படித்திருக்கிறோம்? வீட்டில் மகளின் படிப்பை நிறுத்தும் முடிவு பேசப்பட்ட நாளில் நாம் எந்தப் பக்கம் நின்றோம்? இக்கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொண்டு மக்களிடம் செல்வோம்.