கடுக்காயும் இரும்பும்



காளஹஸ்தியில், துணியில் குச்சியால் கலம்காரி ஓவியம் எழுதும் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஒரு புளித்த வாடை வரும். வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் பானைத் தண்ணீரில் பல நாள் ஊறிய வாடை. அந்தத் தண்ணீர்தான் அவர்களுடைய கறுப்பு மை. துணியை முன்னதாகவே கடுக்காய் கலந்த பாலில் நனைத்து உலர்த்தியிருப்பார்கள். கம்பளி நூல் சுற்றிய மூங்கில் குச்சியால் மையைத் தொட்டு இழுத்ததும், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கோடு கறுக்கும். பால் ஏறிய துணியில் மை பரவாது. முழு வேதியியல் பாடம் இது. எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கையால் கற்றுக்கொண்டது. சென்ற நூற்றாண்டின் நடுவில் இது சில முதியவர்களோடு முடிந்துவிடும் நிலைக்கு வந்தது. 1950களில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அகில இந்தியக் கைவினை வாரியம் ஆதரித்தது. 1952இல் உருவான அந்த வாரியத்தின் முதல் தலைவர் கமலாதேவி சட்டோபாத்யாய.

1903இல் மங்களூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே விதவையானார். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார். ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் மறுமணம் செய்துகொண்டார். 1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் நின்று, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று காந்தியிடமே வாதாடினார். கௌரவமான வீட்டுப் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் நாடகங்களிலும் மௌனப்படத்திலும் நடித்தார்.

அவரை இன்று நினைக்க எனக்கு வேறொரு காரணமும் உண்டு. பிரிவினையில் வீடிழந்து வந்த 50,000க்கும் மேற்பட்டோருக்காக ஃபரீதாபாத் நகரியம் எழுந்தபோது அவர் அந்த வேலையில் இருந்தார். கூரை கிடைத்தவர்களுக்கு அடுத்துத் தேவைப்பட்டது பிழைப்பு. கைவினையை அவர் அந்தப் பக்கமிருந்தே பார்த்தார் என்று நான் நம்புகிறேன். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ஒரு குடத்தை வைத்துவிட்டால் குடம் தப்பிக்கும், குயவர் குடும்பம் தப்பிக்காது. அதனால்தான் கூட்டுறவு, கடை, வாங்குபவர் என்றே அவர் ஓடிக்கொண்டிருந்தார். 1964இல் அவர் முன்னின்று தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகம் இன்றும் சென்னையிலிருந்து இயங்குகிறது. ருக்மிணி தேவி சென்னையில் நிறுவிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவில் இயற்கைச் சாயத்துக்கும் கலம்காரிக்கும் தனிப் பிரிவு வந்ததற்கும் அவருடைய ஊக்கம் உண்டு.

நிகழ்த்துகலையிலும் இதே அக்கறைதான். அவர் வளர்த்த பாரதிய நாட்டிய சங்கம் 1958இல் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கிய நாடகப் பயிற்சி நிறுவனம், பின்னர் தேசிய நாடகப் பள்ளியோடு இணைந்தது. பொம்மலாட்டக்காரர்களையும் அவர் மறக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும், ஒரு கைவினைக் கண்காட்சியில் நான் கண்டது என்னை இன்னும் உறுத்துகிறது. இருபது நாள் உட்கார்ந்து எழுதிய கலம்காரித் துணியை ஒரு பெண்மணி விரித்து வைத்திருந்தார். வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். பெண்மணியின் முகம் வாடியது. ஆனாலும் கொடுத்துவிட்டார், ஊருக்குத் திரும்பப் பேருந்துக் காசு வேண்டுமே. அந்தப் பெண்மணியின் மகள் இதே தொழிலுக்கு வருவாளா? நான் அவளாக இருந்தால் வரமாட்டேன்.

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, உங்களில் சிலர் கணக்கு எழுதுவீர்கள், சிலர் மென்பொருள் செய்வீர்கள், சிலர் அரசு அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்திடுவீர்கள். கைவினைஞருக்குச் சேர வேண்டிய பணம் ஏதோ ஒரு நாள் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். அன்று அதைத் தாமதிக்காதீர்கள். முதல் சம்பளத்தில் கையால் செய்த ஒரு பொருளை வாங்குங்கள். செய்தவரின் பெயரைக் கேளுங்கள். அவர் சொன்ன விலையைக் கொடுங்கள்.