சங்கிலியும் பற்சில்லும்

சைக்கிள் சங்கிலி இழுபட்டுவிட்டது என்று கூறுவது நாடெங்கும் உள்ள வழக்கு. இரும்பு நீண்டுவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால், உருக்கினாற் செய்த சங்கிலி மனிதக் காலின் வலுவுக்கு நீண்டு கொடுப்பதில்லை. நீட்சியாகத் தோன்றுவது உண்மையில் தேய்மானமே. இவ்வேறுபாட்டை உணராமையினால், சங்கிலியோடு முடிய வேண்டிய செலவு பற்சில்லுகளுக்கும் பரவுகின்றது. சில வேளைகளில் ஓடுபவர் வீதியில் விழுந்து காயமுறவும் நேர்கின்றது.

இன்று சைக்கிள்களில் உள்ள உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் உருவாக்கினார். ஆணி, ஆணியைச் சூழ்ந்த உறை, உறையின்மேற் சுழலும் உருளை, இவற்றைப் பிணைக்கும் தகடுகள் என்பனவே அதன் உறுப்புகள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை அரை அங்குலம். கண்ணியொன்று பல்லிற் படியும்போதும் பல்லைவிட்டு நீங்கும்போதும் ஆணி தன் உறைக்குள் சிறிது திரும்புகின்றது. எண்ணெயோடு மணல் கலந்திருப்பின், அவ்விடம் சாணைக்கல்லாக மாறிவிடும். ஆணியும் உறையும் மயிரிழையளவு தேய, கண்ணிகளுக்கிடையேயுள்ள தூரம் மயிரிழையளவு கூடும். நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளிலும் இது நிகழும்போது சங்கிலி தொய்கின்றது.

திருகோணமலைப் பட்டினத்தை அடுத்த பாலையூற்றில் இத்தேய்மானம் விரைந்து நிகழ்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒருபுறம் துறைமுகத்தின் உப்புக் காற்று. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சேறும் மழைநீரும். ஏனைய மாதங்களிற் புழுதி. இரவில் முற்றத்தில் நின்ற வண்டியின் சங்கிலி காலையிற் செந்நிறம் கொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர்.

பழைய ரலி வண்டிகளையும் பின்னர் வந்த லுமாலா வண்டிகளையும் வைத்திருந்தோர் கையாண்ட வழி எளிது. சங்கிலி தொய்ந்தால் பின்சில்லைப் பின்னே இழுத்து முடுக்குவார்கள். இழுக்க இடமில்லையெனின் ஒரு சோடிக் கண்ணியை வெட்டி எடுத்துவிடுவார்கள். 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தார் சைக்கிளிலேயே உலகை நடத்தினர். சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவின் மின்சாரத்தால் வானொலியும் கேட்டனர். அத்தகைய நாளில் ஒரு கண்ணியை வெட்டிச் சமாளித்தவரைக் குறை கூறுதல் நீதியன்று. அகன்ற சங்கிலியும் தடித்த பற்களும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு சென்றன. ஆயினும் கண்ணியை வெட்டுவதால் சரியாவது சங்கிலியின் மொத்த நீளம் மட்டுமே. எஞ்சிய ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்தபடியே இருக்கும்.

அந்தப் பழக்கம் இப்பொழுது கியர் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்திருப்பதே தொல்லை. மலைச் சைக்கிள் என்னும் இவ்வகை, 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாயிஸ் மலைச் சரிவுகளிற் பழைய தடித்த டயர் வண்டிகளை ஓட்டி விளையாடிய இளைஞரிடையே தோன்றியது. 1981ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகளிற் பெருமளவில் உற்பத்தியாயிற்று. பாலையூற்றில் ஏறுவதற்கு மலை எங்கே என்று கேட்கலாம். ஊர்ப்பெயரில் இருக்கும் மலை போதாதா! 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களுக்கு அண்மையில் வாழ்வோரும் சைக்கிளையே நாடினர். மூலையிற் கிடந்த கியர் சைக்கிள்களும் வீதிக்கு வந்தன.

இவ்வண்டியின் சங்கிலி மெல்லியது. அதில் ஆணிக்குத் தனி உறை இல்லை. உட்தகட்டின் மடிந்த விளிம்பே உறையாகப் பணிபுரிகின்றது. சங்கிலியை இறுக்கமாக வைத்திருக்கும் வேலையைப் பின்னாலுள்ள கியர் மாற்றியின் வில் ஏற்றுக்கொள்வதால், தொய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அளந்தே அறிய வேண்டும். அதற்கு மாணவர் வைத்திருக்கும் அடிமட்டம் போதும். சங்கிலியை இறுக்கிப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிற் சுழியத்தை வைத்தால், புதிய சங்கிலியில் 24ஆவது கண்ணியின் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் கடந்திருப்பின் சங்கிலியை மாற்றும் வேளை வந்துவிட்டது. 1/8 அங்குலம் கடந்திருப்பின், பின் பற்சில்லுகளும் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

தேய்ந்த சங்கிலி பல்லின் அடியில் அமராது மேலேறி நின்று, பல்லைத் தன் அளவுக்கு அரித்துக்கொள்கின்றது. நேராக நின்ற பல் சுறாவின் செட்டைபோல் ஒருபுறம் சாய்கின்றது. முன்னே 42 பற்களும் பின்னே 14 பற்களும் இருப்பின், பின்னுள்ள ஒவ்வொரு பல்லும் மும்மடங்கு முறை சங்கிலியைச் சந்திக்கும்; முதலிற் கெடுவது அதுவே. இங்கே ஒரு விந்தை உண்டு. தேய்ந்த சங்கிலியும் தேய்ந்த பல்லும் சேர்ந்து ஒருவாறு ஓடும். புதிய சங்கிலியை அதே பல்லிற் பூட்டினால் வழுக்கும். கொண்டவரோ கடைக்காரரிடம் சென்று, புதிய சங்கிலி கூடாது என்று சண்டையிடுவார்! பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில், ஆசனத்தை விட்டெழுந்து முழுப் பாரத்தையும் பெடலில் வைத்து மிதிக்கும் கணத்திற் சங்கிலி வழுக்கினால், மிதித்தவர் கைபிடியின்மேல் வந்து விழுவார். பின்னால் ஒரு லொறி வந்துகொண்டிருந்தால் நிலைமை என்னவாகும்?

மாற்றும் வேலையிற் கடினமானது பின் பற்சில்லைக் கழற்றுவதே. பிரீவீல் எனப்படும் வகை மரையில் திருகி ஏற்றப்படுவது. மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கிவிடும். உப்புக் காற்றில் துருவும் சேர்ந்தால் உளியும் சுத்தியலும் கொண்டு அடிப்போர் உளர். அது சில்லின் குடத்தையே கெடுக்கும். உரிய கருவியை அதன் பொளிகளில் நுழைத்து, நீண்ட கைபிடியுள்ள சாவியால் இடப்பக்கமாகத் திருப்புதல் வேண்டும். புதியதைப் பூட்டுமுன் மரையிற் கிறீஸ் பூசினால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இராது. கசெட் என்னும் மற்ற வகையில் பற்சில்லுகள் வரிசையாகச் செருகப்பட்டு ஒரு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். அதன் கருவி வேறு. கடையில் வாங்குமுன் எந்த வகை, எத்தனை சில்லு என்று எண்ணிச் செல்ல வேண்டும். சில்லின் எண்ணிக்கைக்கேற்பச் சங்கிலியின் அகலமும் மாறும்.

புதிய சங்கிலியின் நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வெட்டுதல் ஆகாது. பழையது எவராலும் வெட்டப்பட்டிருக்கலாம். முன்னுள்ள மிகப் பெரிய சில்லையும் பின்னுள்ள மிகப் பெரிய சில்லையும், கியர் மாற்றியினூடாகச் செலுத்தாமல், சங்கிலியாற் சுற்றி, முனைகள் சேருமிடத்துக்கு மேல் ஓர் அங்குலம் கூட்டி வெட்டினால் போதும். கியர் மாற்றியில் உள்ள இரு சிறு சில்லுகளையும் பார்த்தல் வேண்டும்; பற்கள் ஊசிபோற் கூர்ந்திருப்பின் அவையும் மாற்றத்தக்கவை. எஞ்சினிலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெயைச் சங்கிலிக்கு இடும் வழக்கம் இன்னும் உண்டு. அதில் மிதக்கும் இரும்புத் தூளே போதும், புதிய ஆணியை அரிப்பதற்கு. கண்ணிக்கு ஒரு துளி சுத்தமான எண்ணெய் இட்டு, வெளியே வழிவதைச் சீலையால் துடைத்துவிட வேண்டும். பின்பு, வாகனமில்லாத சமதரை வீதியில், முதலிற் சிறிய பின் சில்லிலும் பின்னர் ஒவ்வொன்றிலுமாக எழுந்து நின்று மிதித்துப் பார்த்த பின்னரே வண்டியைப் பிள்ளையின் கையிற் கொடுக்கலாம்.